உதட்டில் திரும்பத் திரும்ப வரும் நீர்க்கொப்புளம்: லேசர் வைத்தால் நிற்குமா?

நாயனக்காரன், கும்பகோணம் பக்கம் (வைகாசி)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. நாயனம் வாசிப்பதுதான் தொழில், அப்பாவுக்கும் அதுதான். உதடு கெட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழுதட்டின் வலது ஓரம், எப்போதும் அதே இடம்தான். முதல் நாள் வெறும் குறுகுறுப்பு, முள் மயிர் ஒன்று குத்திக்கொண்டு நிற்கிற மாதிரி. ராத்திரிக்குள் சிவந்து தடித்துவிடும். மறுநாள் காலையில் கேழ்வரகு அளவில் நாலைந்து நீர்க்கொப்புளம் கொத்தாக எழும்பியிருக்கும். அது உடைந்து, பொருக்குக் கட்டி, பொருக்கு உதிர்ந்து தோல் பழையபடி ஆக ஒன்பது பத்து நாள். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை இப்படி. அதில் பாதி சித்திரையிலும் வைகாசியிலும். கோயில் திருவிழாவும் கல்யாணமும் சேர்ந்து வந்து, தூக்கமில்லாமல் வெயிலில் நிற்கிற காலம் அது.

நாயனத்தின் முனையில் செருகி ஊதுகிற நாணல் துண்டான சீவாளியை உதட்டால் கவ்வி அழுத்திப் பிடித்தால்தான் சுருதி நிற்கும். இறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பொருக்கோடு வாசித்தால் அது எப்போது பிளக்கும் என்று சொல்ல முடியாது. இந்த மாசம் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் முடிந்த கையோடு பிளந்துவிட்டது. சீவாளி சிவப்பாகி, சட்டையிலும் இரண்டு சொட்டு. மீதியை மச்சான் வாசித்தார். பெண் வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஊரில் இதைப் பல்லி மூத்திரம் பட்டது என்பார்கள். பாட்டி இருந்தவரை குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவிக்கல் உரைத்து அக்கி எழுதச் செய்வாள். பிறகு அசைக்ளோவிர் களிம்பு. கொப்புளம் வந்த பிறகு பூசினால் பூசாததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது டவுனில் ஒரு கிளினிக்கில், "பத்து சிட்டிங் லேசர், 15,000 ரூபாய், வைரஸ் வேரோடு செத்துவிடும், வாழ்நாளில் வராது" என்கிறார்கள். இணையத்தில் 1,800 ரூபாய்க்குப் பேனா மாதிரி ஒரு சிவப்பு விளக்கும் விற்கிறது. உண்மையில் ஒளியால் இது ஆறுமா? பட்டவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். 15,000 என்பது எனக்கு ஒரு முகூர்த்தக் காசு.

கல்யாணி, லெஸ்டர்

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் மேலுதட்டில் கல்லூரிக் காலத்திலிருந்து வருகிறது. மன்னார்குடியிலிருந்து இங்கே வந்த பிறகு குளிர்காலச் சளி பிடித்தால் போதும், கூடவே இதுவும் வரும்.

இங்கே கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று உண்டு, 1072 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம் அது) அகச்சிவப்பு ஒளி. ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. முதல் தடவை, ஓடுகிறதா இல்லையா என்று கையில் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு தடவைக்கு 3 நிமிஷம், நாளைக்கு 3 தடவை, 2 நாள். அவ்வளவுதான்.

நான் சமையல் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதையும் குறித்து வைக்கிற பழக்கம். இதுவரை 11 தடவை வைத்திருக்கிறேன். குறுகுறுப்பு தெரிந்த அன்றே வைத்தபோதெல்லாம் ஐந்து ஆறு நாளில் முடிந்தது. வேலை அவசரத்தில் விட்டுவிட்டு, கொப்புளம் எழும்பிய பிறகு வைத்த நாலு தடவையும் வழக்கம்போல ஒன்பது நாள். இரண்டு தடவை கொப்புளமே வராமல் அடங்கியது. ஆனால் கருவி வாங்குவதற்கு முன்னாலும் எப்போதாவது அப்படித் தானாக அடங்கியிருக்கிறது, அதனால் அதை நான் கருவியின் கணக்கில் சேர்ப்பதில்லை.

வருவது குறையவில்லை, வந்தால் சீக்கிரம் ஆறுகிறது. என் அனுபவம் இவ்வளவுதான். நீங்கள் சொல்கிற 1,800 ரூபாய்ப் பேனாவில் எத்தனை நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பாலு, திருப்பூர்

எனக்கும் வரும். கொரோனா நேரத்தில் பொருள்களைச் சுத்தம் செய்ய ஊதா விளக்கு ஒன்று வாங்கியிருந்தோம். வைரஸைக் கொல்லும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதை உதட்டில் ஒரு நிமிஷம் காட்டலாம் என்று இருக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பல் மருத்துவர், திருச்சி

பாலு அண்ணா, முதலில் உங்களுக்கு. தயவுசெய்து அந்த விளக்கை உதட்டில் காட்டாதீர்கள். அது புற ஊதாக் கதிர். மேசையில் இருக்கும் வைரஸை அது கொல்லலாம், ஆனால் உங்கள் தோலையும் கண்ணின் கருவிழியையும் சேர்த்தே சுடும். அதைவிட முக்கியம், உறங்கிக்கொண்டிருக்கும் இந்த வைரஸை எழுப்பிவிடும் காரணங்களில் புற ஊதாக் கதிர் முதல் வரிசையில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் கொப்புளத்தை வேண்டுமென்றே வரவழைக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவதே அந்த ஒளியைத்தான்.

நாயனக்காரர் அவர்களுக்கு. நான் பல் மருத்துவர், தினமும் குறைந்த சக்தி லேசரைக் கையில் பிடிக்கிறவள். அதனால் இதன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வரும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுக்க இதே வகை ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. அங்கே அது எவ்வளவு நிம்மதி தருகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் "வேரோடு செத்துவிடும்" என்று சொன்னது பொய்.

உங்களுக்கு இருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ், முதல் வகை. இது உதட்டில் குடியிருப்பதில்லை. முகத்துக்கு வரும் முக்கிளை நரம்பின் முடிச்சு, மண்டையோட்டின் அடித்தளத்தில் காதுக்கு உள்பக்கமாக இருக்கிறது. வைரஸ் அங்கே உறங்குகிறது. வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மனக்கவலை, உதட்டில் அடி என்று ஏதாவது வந்தால் நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வரும். நரம்பு இறங்கும் வழி மாறாது என்பதால்தான் உங்களுக்கு எப்போதும் அதே வலது ஓரம். சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். உதட்டில் பிடிக்கிற லேசர் அந்த நரம்பு முடிச்சைத் தொடவே முடியாது. வைரஸை உடம்பிலிருந்து அடியோடு எடுக்கிற மருந்தோ ஒளியோ இன்றைக்கு இல்லை.

அப்படியானால் ஒளியால் என்ன பயன்? இரண்டு பயன்களைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. ஒன்று கல்யாணி அக்கா சொன்னது, வந்ததைச் சீக்கிரம் ஆற்றுவது. 1072 நானோமீட்டர் ஒளியை 87 பேரிடம் சோதித்து 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. போலிக் கருவி வைத்தவர்களுக்கு 177 மணி நேரத்தில் ஆறிய புண், உண்மைக் கருவி வைத்தவர்களுக்கு 129 மணி நேரத்தில் ஆறியது. இரண்டு நாள் மிச்சம். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் கருவியை உருவாக்கியவரே. அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று, உங்களுக்கு மிகவும் தேவையானது: அடுத்தது வரும் வரையான இடைவெளியை நீட்டுவது. 1999இல் வெளியான வியன்னா ஆய்வு இது. மாதம் ஒரு தடவையாவது வந்துகொண்டிருந்த 50 பேரைச் சேர்த்தார்கள். புண் எதுவும் இல்லாத நாள்களில், இரண்டு வாரத்துக்குள் 10 தடவை, 690 நானோமீட்டர் சிவப்பு லேசர். பாதிப் பேருக்குப் போலி லேசர். போலி வைத்தவர்களில் பாதிப் பேருக்கு 3 வாரத்துக்குள் மறுபடி வந்துவிட்டது. உண்மை லேசர் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு வர 37.5 வாரம் ஆனது. படிக்கும்போது எனக்கே நம்ப முடியாத வித்தியாசம். அதன் பிறகு பிரேசிலிலும் ஸ்பெயினிலும் பல் மருத்துவர்கள் வேறு வேறு அலைநீளத்தில் செய்து நல்ல பலனே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு முறை. எதையும் பெரிய கூட்டத்தில் வைத்து உரசிப் பார்க்கவில்லை. அதனால் என் நோயாளிகளிடம் "முயன்று பார்க்கலாம், உறுதி தர மாட்டேன்" என்றுதான் சொல்கிறேன்.

சாயம் தடவி ஒளி காட்டும் முறை ஒன்றும் உண்டு. இப்போது மெத்திலீன் நீலம் தடவி 660 நானோமீட்டர் லேசர் காட்டுகிறார்கள். இதன் மூத்த வடிவம் 1970களில் வந்தது, நியூட்ரல் ரெட் என்ற சாயமும் சாதாரண விளக்கும். அப்போது பெரிய பரபரப்பு. 1975இல் போலிச் சாயத்தோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தபோது பலன் இல்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். ஒளி சிகிச்சையில் ஆர்வம் இருக்கிற யாரும் அந்தக் கதையை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். நல்ல எண்ணத்தோடு செய்தவர்கள்தான் அவர்களும்.

நீங்கள் போவதானால் அந்த கிளினிக்கில் கேளுங்கள்: அலைநீளம் எவ்வளவு, சக்தி எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி. ஈறு அறுக்கிற லேசரும் இதுவும் ஒரே பெட்டியிலிருந்துகூட வரலாம், அளவு தெரியாதவர் கையில் உதடு வெந்துபோகும். உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கொப்புளத்தில் நீர் கோத்திருக்கும் நாளில் போகாதீர்கள், அந்த நீரில் வைரஸ் நிறைந்திருக்கும், சிகிச்சை செய்பவர் விரலுக்கே தொற்றலாம். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண் சிவந்து கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தவில் தாத்தா, மாயவரம்

தம்பி, நான் நாப்பது வருஷமா தவில் தட்டுறவன். எனக்குப் பக்கத்துல நின்னு வாசிச்ச நாயனக்காரங்க எத்தன பேரு உதட்டப் பாத்திருக்கேன். டாக்டரம்மா சொன்னது சத்தியம், வெயில்தான் முதல் எதிரி. மத்தியானத் தேரோட்டத்துல நாலு வீதியும் மல்லாரியும் ராகமும் வாசிச்சிட்டு வந்தா மூணாம் நாள் கொப்புளம். நாங்க அத உடம்புச் சூடுன்னு நெனச்சு இளநீ குடிச்சோம்.

என் கூட்டாளி ஒருத்தரு, அவரு பேரு வேணாம், இப்ப உதட்டுக்கு வெயில் தடுக்குற களிம்பு போடுறாரு. மொதல்ல உதடு பூரா பூசி, சீவாளி வழுக்கி வழுக்கிச் சுருதி நிக்கல. அப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. உதட்டோட வெளி விளிம்புல, தோலும் உதடும் சேருற கோட்டுல மட்டும் பூசுறது. சீவாளி படுற உள்பக்கத்தத் தொடுறதில்ல. ஒவ்வொரு வீதி முக்குலயும் மண்டகப்படிக்கு நிக்கிறப்ப மறுபடி ஒரு இழுப்பு. தேர்க்காரங்ககிட்ட சொல்லிக் குடை ஒண்ணும் பிடிக்கச் சொல்லு. கேட்டா பிடிப்பாங்க தம்பி, நாமதான் கேக்குறதில்ல.

நாயனக்காரன், கும்பகோணம் பக்கம்

கல்யாணி அக்கா, தாத்தா, டாக்டர் அம்மா, மூன்று பேருக்கும் நன்றி. எப்போதும் அதே இடத்தில் வருவதற்குக் காரணம் தெரிந்ததே எனக்குப் பாதி நிம்மதி. ஏதோ என் வாசிப்பில் தப்பு, அந்த ஓரத்தை அதிகம் அழுத்துகிறேன் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மாத்திரை உண்டா? இன்னொன்று மனசை அறுக்கிறது. என் பையனுக்கு ஒன்பது வயது, போன தையில்தான் கையில் நாயனம் கொடுத்தேன். புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும். எச்சிலில் ஊறி இளகினால்தான் பேசும். என் அப்பா தன் வாயில் போட்டு ஊறவைத்துத்தான் எனக்குக் கொடுப்பார். நானும் பையனுக்கு அப்படியே செய்கிறேன். இப்போது யோசித்தால் அப்பாவுக்கும் திருவிழா சமயத்தில் உதட்டில் புண் இருக்கும். அவருக்கும் வலது பக்கமா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், முகம் வருகிறது, புண் வரவில்லை.

பல் மருத்துவர், திருச்சி

மாத்திரை உண்டு. வாலாசைக்ளோவிர், குறுகுறுப்பு தெரிந்ததும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு முடிந்தது. புண் ஆறும் காலம் சராசரியாக ஒரு நாள் குறைகிறது. அடிக்கடி வருகிறவர்களுக்கு, அதுவும் உங்களைப் போல உதட்டால் பிழைப்பவர்களுக்கு, சீசன் முழுக்கத் தினமும் சிறு அளவில் கொடுத்துத் தடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. லேசரைவிட இதற்கு ஆதாரம் பலம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் தோல் மருத்துவரைப் பார்த்துச் சீட்டோடு வாங்குங்கள். தாத்தா சொன்ன களிம்புக்கும் ஆதாரம் உண்டு. 1991இல் லான்செட்டில் வந்த ஆய்வில் உதட்டில் புற ஊதா ஒளி காட்டினார்கள். போலிக் களிம்பு பூசியபோது 38 பேரில் 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. வெயில் தடுப்புக் களிம்பு பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை.

பையன் விஷயம். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டில் இருப்பவர்களின் முத்தத்திலும் எச்சிலிலும்தான் வருகிறது. உங்கள் அப்பா தெரிந்து கொடுத்ததில்லை, நீங்களும் அப்படித்தான். பையனுக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம், பலருக்கு வந்ததே தெரியாமல் போகும். ஆனால் புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் வரும் என்பதால், இனி வாயில் ஊறவைத்துக் கொடுக்காதீர்கள். சீவாளி, அதைச் சரிசெய்கிற ஊசி எல்லாம் அவனுக்குத் தனியாக இருக்கட்டும். கைக்குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கல்யாணத்தில் எழுந்து போன அம்மா, காரணம் தெரிந்தோ தெரியாமலோ, சரியானதைத்தான் செய்திருக்கிறார். அவர் மேல் வருத்தம் வேண்டாம்.

நாயனக்காரன், கும்பகோணம் பக்கம் (கார்த்திகை)

ஆறு மாசம் கழித்து வருகிறேன். பதில் சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

அந்த 15,000 ரூபாய் கிளினிக்குக்குப் போகவில்லை. அலைநீளம் எவ்வளவு என்று போனில் கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்றார்கள். பிறகு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரித்தேன். அங்கே 660 நானோமீட்டர் என்று கேட்ட உடனே சொன்னார்கள், கண்ணாடியும் கொடுத்தார்கள், உறுதி தர முடியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, உதடும் சுத்தமாக இருந்தது. இரண்டு வாரத்தில் 10 தடவை போய்வந்தேன். சுடவில்லை, வலிக்கவில்லை, உதட்டில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் கண்ணாடி வழியே மங்கலாகத் தெரியும். பஸ் செலவுதான் அதிகம்.

தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை நாயனப் பைக்குள்ளேயே, சீவாளி கட்டுகிற நூலோடு இருக்கிறது. விளிம்புக் களிம்பும் பழகிவிட்டது. முதலில் எஸ்.பி.எஃப். (வெயில் தடுக்கும் அளவு) 50 வாங்கினேன், பிசுபிசுப்பு அதிகம். 30 போட்டது ஒத்துவருகிறது.

ஆவணி முகூர்த்தம் முழுக்க ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் சளிக் காய்ச்சல் வந்தபோது ஒரு தடவை குறுகுறுத்தது. அந்த நிமிஷமே மாத்திரை போட்டேன். இரண்டே கொப்புளம், ஆறாம் நாள் பொருக்கும் இல்லை. போன வருஷம் இதே ஆறு மாசத்தில் நாலு தடவை. இது லேசரா, மாத்திரையா, களிம்பா, இல்லை வெயில் குறைந்த காலம் என்பதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சித்திரைத் தேர் வந்தால்தான் தெரியும். அப்போது மறுபடி எழுதுகிறேன். தாத்தா, குடை கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்கள்.

பையனுக்குத் தனியாக ஆறு சீவாளி கட்டிக் கொடுத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அவனே போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போகிறான். திரும்பி வரும்போது இளகியிருக்கிறது. நேற்று என் சீவாளியையும் எடுத்து அதே டம்ளரில் போடப் போனான். வேண்டாம் என்று சொல்லி, எனக்கு வேறு டம்ளர் எடுத்துவரச் சொன்னேன்.